நீறு பூத்த நெருப்பு: ஜொகூர் மண்ணுக்குள் எரியும் காட்டுத்தீ

புகைமூட்டம், காட்டுத்தீ, காற்றுத் தூய்மைக்கேடு என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் படிவம் 4, 5 மாணவர்களின் கட்டுரைகளில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வரும். யாரோ அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டு, அதில் பற்றிக்கொண்ட காய்ந்த இலை, எரிந்து போன காடு. அடுத்த பத்தியில் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும். அதற்கடுத்து விழிப்புணர்வுப் பிரச்சாரம். கட்டுரை முடிந்தது. இதில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லைதான். ஆனால் இதே கட்டுரையைக் கலிபோர்னியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ உட்கார்ந்துகொண்டும் எழுதிவிடலாம். மூவார், பத்து பகாட், பொந்தியான் வட்டாரப் பிள்ளைகளுக்கு இதைவிட வலுவான கருத்து காலுக்குக் கீழேயே கிடக்கிறது.

நம் மாநிலத்தில் காடு எரிகிறது என்றால் பல வேளைகளில் மண்ணே எரிகிறது என்று பொருள். அந்தத் தீ எப்படி நடந்துகொள்கிறது, அதற்கு இரையாவது எது, அந்த இரையை எப்படிக் கையாள்வது என்பதைப் பார்ப்போம். ‘இது அறிவியல் பாடமாச்சே, தமிழ் ஆசிரியருக்கு எதுக்கு?’ என்று சிலர் கேட்கலாம். கருத்து விளக்கக் கட்டுரையில் மாணவர்களை மொழி மட்டும் சறுக்கவைப்பதில்லை. காரணத்தையும் விளைவையும் கோத்துச் சொல்லக் கையில் சரக்கு இல்லாமல் போவதும் சறுக்கவைக்கிறது.

சருகு, சுள்ளி, விறகு, கட்டை

தீ எரிய வெப்பம், உயிர்வளி, எரிபொருள் மூன்றும் வேண்டும். இது ஆரம்பப் பள்ளியிலேயே படித்த பாடம். எரியத் தொடங்கிய காட்டுத்தீ எந்தப் பக்கம் போகும், எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை வேறு மூன்று தீர்மானிக்கின்றன: எரிபொருள், வானிலை, நில அமைப்பு. இரண்டு பட்டியலிலும் இடம்பெறுவது எரிபொருள் ஒன்றுதான். வானிலையை நம்மால் மாற்ற முடியாது. மலையை நகர்த்தவும் முடியாது. மனிதன் கைவைக்கக்கூடிய இடம் எரிபொருள் மட்டுமே.

எரிபொருள் என்றதும் மாணவர்களுக்குப் பெட்ரோல்தான் நினைவுக்கு வரும். காட்டில் எரியக்கூடிய எல்லாமே எரிபொருள்தான்: புல், உதிர்ந்த இலை, ஒடிந்த கிளை, பட்ட மரம். நம் பள்ளியில் பொங்கல் வைக்கும்போது அடுப்பு மூட்டுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். முதலில் காய்ந்த தென்னை ஓலை, பிறகு சுள்ளி, அது நன்றாகப் பிடித்த பிறகே விறகு. கனத்த கட்டையை நேரே கொளுத்த யாரும் முயல்வதில்லை. காட்டுத்தீயை ஆராய்பவர்களும் எரிபொருளை இதே வரிசையில்தான் பிரிக்கிறார்கள். அமெரிக்க வனத்துறையின் வகைப்பாட்டில் 6 மில்லிமீட்டருக்கும் மெல்லியவை ‘1 மணி’ எரிபொருள். ஏறக்குறைய 2.5 செ.மீ. கனம் வரை ‘10 மணி’, 7.5 செ.மீ. வரை ‘100 மணி’, அதற்கும் மேற்பட்ட கட்டைகள் ‘1000 மணி’. இந்த மணிக்கணக்கு எரியும் நேரத்தைக் குறிப்பதன்று. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் மாறும்போது அந்தப் பொருள் அதற்கேற்பக் காயவோ நனையவோ எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறிக்கிறது. காலையில் பனியில் நனைந்த சருகு மதியத்துக்குள் காய்ந்து நொறுங்கும். பருத்த கட்டை காய 1000 மணி, அதாவது 40 நாளுக்கு மேல் ஆகும். சருகு, சுள்ளி, விறகு, கட்டை என்று நம் அடுப்படி எப்போதோ பிரித்து வைத்ததற்கு அவர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மெல்லிய எரிபொருளும் மேட்டுச் சரிவும் காற்றும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு துயரமான சான்று உண்டு. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்றிருந்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் மூடிய சரிவு அது. சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ, தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துக்கொண்டே போகும். சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஆஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்கள் தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மனிதனோ மேட்டில் ஏற ஏற வேகம் குறைகிறான். குரங்கணி போன்ற இடத்தில் தீயின் எதிரி நேரம். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஜொகூரில் நாம் சந்திக்கும் தீக்கு இந்த அவசரமே கிடையாது.

தண்ணீர் ஊறிய மண் எப்படி எரியும்?

மலாயில் ‘தானா கம்புட்’ என்கிறார்களே, அந்த நிலத்துக்குத் தமிழில் ஒரே பெயர் இன்னும் நிலைக்கவில்லை. இங்கே ‘கரிச்சதுப்பு நிலம்’ என்று எழுதுகிறேன். தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும் காட்டில் உதிரும் இலையும் வேரும் மரமும் உயிர்வளி கிடைக்காததால் முழுதாக மட்குவதில்லை. அரைகுறையாக மட்கிய அந்தச் செத்தை ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர், மிஞ்சினால் 2 மில்லிமீட்டர் என்று படிந்து பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்கிறது. ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. மலேசியாவில் இத்தகைய நிலம் ஏறக்குறைய 2.5 மில்லியன் ஹெக்டர். பெரும்பகுதி சரவாக்கில் இருக்கிறது. ஜொகூரில் ஏறக்குறைய 140,000 ஹெக்டர். அதில் பெரும்பாலானவை இன்று காடாக இல்லை. பொந்தியான் அன்னாசி புகழ்பெற்றதே, அந்த அன்னாசி வளர்வது இந்த மண்ணில்தான்.

“டீச்சர், தண்ணி ஊறுன மண்ணு எப்படி டீச்சர் எரியும்?” என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். சரியான கேள்வி. ஊறியிருக்கும் வரை எரியாது. விவசாயத்துக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடிய விடும்போது மேல்மண் காய்கிறது. மண் என்று நாம் சொல்வது உண்மையில் என்ன? ஆயிரக்கணக்கான ஆண்டு சேர்ந்த சருகும் சுள்ளியும் வேரும். அடுப்பில் வைக்க வேண்டியதைக் காலுக்குக் கீழே மீட்டர் கணக்கில் பரப்பி, தண்ணீரையும் வடித்துவிட்டோம். அதற்குப் பிறகு சிகரெட் துண்டு விழுந்தாலும் சரி, அன்னாசிச் செடியின் காய்ந்த தழையை எரித்தாலும் சரி, தீ கீழே இறங்க வழி கிடைத்துவிடுகிறது. முழுதாகக் காய வேண்டும் என்றுகூட இல்லை. தன் உலர் எடைக்குச் சமமான ஈரம் இருக்கும்போதும் கரிச்சதுப்பு கனலும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த இடத்தில் தமிழ்ச் சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘கொழுந்துவிட்டு எரிதல்’ வேறு, ‘கனன்று எரிதல்’ வேறு. கொழுந்துவிடும் தீக்குச் சுவாலை உண்டு. அது வேகமாக ஓடும், உயிர்வளியை வாரிக் குடிக்கும். கனலும் தீக்குச் சுவாலை இல்லை. கரிச்சதுப்பில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். ஒரு மணி நேரத்தில் ஒரு விரல் நீளம்கூட இல்லை. கொஞ்சம் உயிர்வளி இருந்தாலே போதும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மேலே பார்த்தால் சாம்பலும் மெல்லிய புகையும்தான். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று மறைந்திருக்கும் பகைக்கும் கோபத்துக்கும் உவமை சொல்லிப் பழகிவிட்டோம்; இங்கே அது உவமையே இல்லை, அப்பட்டமான வருணனை. தீயணைப்பு மீட்புப் படையினருக்கு இதனால் இருக்கும் ஆபத்தையும் நினைத்துப் பாருங்கள். அடியில் வேர் கருகிப்போனதால் நின்றுகொண்டிருக்கும் மரம் காற்றே இல்லாமல் சாயும். கெட்டி என்று நினைத்துக் கால் வைக்கும் நிலம் உள்ளே குழியாக இருக்கும். மேலிருந்து ஊற்றும் தண்ணீரும் எளிதில் உள்ளே இறங்காது, ஏனென்றால் ஒருமுறை நன்றாகக் காய்ந்த கரிச்சதுப்பு தண்ணீரை உறிஞ்சும் தன்மையை இழந்துவிடுகிறது. பல வேளைகளில் தொடர்ந்து பெய்யும் மழைதான் இந்தத் தீயை முழுதாக அணைக்கிறது.

புகையின் கேடும் இங்கிருந்துதான் வருகிறது. குறைந்த வெப்பத்தில், அரைகுறையாக எரிவதால் நச்சு வாயுவும் நுண்துகளும் மிகுதி. புகை உயரே எழும்பாமல் தரையோடு தவழ்கிறது. ஜொகூர் மக்கள் இதை மறக்க முடியாது. 2013 ஜூன் 23-ஆம் நாள் காலை மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே ‘அபாயகரம்’. மூவார், லேடாங் இரண்டு மாவட்டங்களிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் புகை மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் ரியாவ் பகுதியிலிருந்து வந்தது; அங்கே எரிந்தவற்றில் பெரும்பங்கு கரிச்சதுப்பு நிலம். அன்றைய குறியீட்டில் PM2.5 என்னும் மிக நுண்ணிய துகளின் அளவு சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலேசியா அதைச் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது 2018-இல்தான்.

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றை இங்கே தெளிவுபடுத்திவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று சுமத்ராவின் புகையைக் கொண்டுவரும். நம் நாட்டுக்குள்ளேயே கரிச்சதுப்பு பற்றுவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வறட்சியில். இவை இரண்டு வெவ்வேறு பருவங்கள். எல் நினோ வந்த 1997, 2015 போன்ற ஆண்டுகளில் வறட்சி நீண்டு நிலைமை மோசமாகிறது. 2015-இல் இந்தோனேசியாவில் ஏறக்குறைய 2.6 மில்லியன் ஹெக்டர் எரிந்தது. 1997-இல் கலிமந்தானில் எரிந்த கரிச்சதுப்பை அளந்தவர்கள் சராசரியாக அரை மீட்டர் ஆழம் போய்விட்டதாகக் கண்டார்கள். ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால் 500 ஆண்டுச் சேமிப்பு ஒரே பருவத்தில் கரைந்திருக்கிறது.

இரையைக் குறைப்பதா, நனைப்பதா?

உலகில் பல இடங்களில் காட்டு எரிபொருளைக் கையாள இரண்டு வழிகளைப் பின்பற்றுகிறார்கள். ஒன்று, இடைவெளி உண்டாக்குவது. முதுமலை போன்ற இடங்களில் கோடைக்கு முன்பே வனத்துறையினர் புல்லையும் புதரையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். மற்றொன்று கேட்பதற்கு விந்தையாக இருக்கும்: சிறு தீ வைத்துப் பெருந்தீயைத் தடுப்பது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர் பருவம் பார்த்துச் சருகை மட்டும் எரித்துவந்தார்கள். வனச்சட்டம் அதைத் தடுத்த பிறகு உண்ணிச்செடி காடெங்கும் அடர்ந்தது. அந்தப் புதரே பிறகு பெரிய தீக்கு எரிபொருளாகிறது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் இதே அறிவு இருந்தது. ‘காட்டில் தீ வைப்பது எப்போதும் குற்றம்’ என்று மாணவர்கள் ஒரே போடாக எழுதும் முன் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆனால் இந்த வழி ஜொகூரின் கரிச்சதுப்பில் செல்லாது. சருகை மட்டும் எரித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றால், எரிய வேண்டிய சருகு எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது? இரண்டும் ஒரே பொருள். அகற்றவும் முடியாது, எத்தனை மீட்டர் தோண்டி எங்கே கொட்டுவது? எஞ்சியிருக்கும் ஒரே வழி அந்த எரிபொருளை நனைத்தே வைத்திருப்பது. நம் ஊரில் காட்டுத்தீ மேலாண்மை என்பது தண்ணீர் மேலாண்மைதான் என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான்.

சிலாங்கூரின் ராஜா மூசா வனக் காப்பகத்தில் 2008 முதல் செய்யப்பட்டது இதுவே. சட்டவிரோதமாக அழிக்கப்பட்டு மீண்டும் மீண்டும் எரிந்த பகுதியில் பழைய வாய்க்கால்களை மறித்து நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். பிறகு மரக்கன்று நட்டார்கள். நம் நாட்டுச் சுற்றுச்சூழல் துறையும் தீப்பிடிக்கும் அபாயமுள்ள கரிச்சதுப்புப் பகுதிகளில் சிறு தடுப்பணைகள், ஆழ்குழாய்க் கிணறுகள், கண்காணிப்புக் கோபுரங்கள் அமைக்கும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. விமானத்திலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் போல இது தொலைக்காட்சியில் எடுப்பாகத் தெரியாது. மணல்மூட்டையும் பலகையும் அடுக்கிய ஒரு வாய்க்கால் அடைப்பை யார் படம் பிடிப்பார்கள்?

எரிக்காமல் நிலத்தைத் தயார் செய்ய முடியுமா என்ற கேள்விக்குத் தோட்டப்புறமே பதில் சொல்லியிருக்கிறது. முன்பெல்லாம் மறுநடவு என்றால் பழைய மரங்களைச் சாய்த்துக் குவித்துக் கொளுத்துவார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு அந்தப் புகை நினைவிருக்கும். கோல்டன் ஹோப் நிறுவனம் 1980-களின் இறுதியில் செம்பனை மரங்களைத் துண்டாக்கி நிலத்திலேயே மட்க விடும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அதற்காக 1992-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருதையும் பெற்றது. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு இன்று திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. பெரிய நிறுவனத்துக்கு இயந்திரம் உண்டு. இரண்டு ஹெக்டரில் அன்னாசி போடும் சிறுதோட்டக்காரருக்கு ஒரு தீக்குச்சிதான் மலிவு. அவரை மட்டும் குற்றவாளியாக்கி எழுதும் கட்டுரை பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

தண்ணீர் விஷயமும் அவ்வளவு சுலபமல்ல. 2014-இல் இந்தோனேசியா இயற்றிய விதி, கரிச்சதுப்பில் நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து 40 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் அந்த நிலத்தைச் சேதமடைந்ததாகக் கருதுகிறது. செம்பனைக்கான நல்நடைமுறை வழிகாட்டிகள் 40 முதல் 60 செ.மீ. வரை என்கின்றன. அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் வேர் மூச்சுத் திணறி விளைச்சல் குறையும். கீழே இறங்கினால் மண் காயும். ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒருவரின் வருமானமும் ஒரு வட்டாரத்தின் மூச்சும் இருக்கின்றன. வடித்த மண் எரியாவிட்டாலும் சும்மா இருப்பதில்லை. மேற்கு ஜொகூரில் நடந்த ஆய்வுகளின்படி, வாய்க்கால் வெட்டிப் பல ஆண்டான பிறகும் நிலம் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. தாழ்ந்துகொண்டே இருக்கிறது. வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் செம்பனை மரங்களை நம் பக்கம் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த நிலத்தில் மழைக்காலத்தில் வெள்ளம் வடியாது. அதனால் டிசம்பரில் மதகைத் திறந்துவிடச் சொல்லி மக்கள் கேட்பார்கள், அது நியாயம். அதே மதகை வறட்சி வரும் முன் மூடியாக வேண்டும். வெள்ளத்துக்கும் தீக்கும் இடையில் நிற்பது சில வார கால இடைவெளியும் அதைக் கவனித்து மூட ஒரு ஆளும்தான்.

கட்டுரையில் எப்படிக் கொண்டுவருவது?

ஆசிரியர்கள் மாணவர்களை ஒரே ஒரு கருத்தை எடுத்து, ‘ஏன்? அதனால் என்ன?’ என்று மூன்று முறை கேட்டு விரிக்கச் சொல்லலாம். கரிச்சதுப்பு நிலம் என்ற சொல்லை எழுதினால் உடனே அரை வரியில் விளக்கிவிட வேண்டும். கனலுதல், நீர்மட்டம், வாய்க்கால் அடைப்பு, மறுநடவு ஆகிய சொற்களும் பழக்கத்துக்கு வர வேண்டும். மேற்கோள் தேடுவோர் பெரும்பாலும் வருமுன் காப்பதைச் சொல்லும் 435-ஆம் குறளுக்குப் போவார்கள். இந்தத் தலைப்புக்கு 674-ஆம் குறள் இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். அணைக்காமல் மிச்சம் விட்ட தீயை உவமையாக்கும் குறள் அது. அளவாகக் கையாண்ட ஒரு மாதிரிப் பத்தி:

“காட்டுத்தீயைத் தடுக்கக் கரிச்சதுப்பு நிலத்தின் நீர்மட்டத்தைப் பாதுகாப்பது இன்றியமையாதது. பல ஆயிரம் ஆண்டுகளாக மட்கிய தாவரங்கள் சேர்ந்து உருவான இந்நிலம் ஈரமாக இருக்கும்வரை எரிவதில்லை. விவசாயத்துக்காக வாய்க்கால் வெட்டி நீரை அளவுக்கு மீறி வடிக்கும்போது மண் காய்ந்து எரிபொருளாக மாறுகிறது. அதன்மேல் வைக்கும் சிறு தீயும் மண்ணுக்குள் இறங்கி, சுவாலையின்றிப் பல வாரங்கள் கனன்று, அடர்ந்த புகையை வெளியிடுகிறது. 2013-ஆம் ஆண்டு மூவாரில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் புகைமூட்டம் கடுமையானதற்கு இத்தகைய தீயே முக்கியக் காரணம். ஆகவே, வறட்சிக் காலத்துக்கு முன்பே வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்குவதும், எரிக்காமல் நிலத்தைப் பண்படுத்தச் சிறுதோட்டக்காரர்களுக்கு இயந்திர உதவி வழங்குவதும் பயன் தரும் வழிகளாகும்.”

சிகரெட் துண்டை எழுதக் கூடாது என்பதில்லை. எழுதட்டும், அது எந்த மண்ணில் விழுகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.